யார் பொறுப்பு என்று கேட்கும்போது விடும் பிழைகள்: கிணறு, மாடு, கடல்

சுற்றாடலையும் உயிரினங்களையும் பற்றிய பேச்சு யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு வசனங்களில் வந்து முட்டுப்படுகிறது. "கொம்பனிக்காரர் செய்யிற அநியாயத்துக்கு நாங்கள் ஒரு பையைக் குறைச்சு என்ன வரப்போகுது" என்பது ஒன்று. "முதல் சனம் திருந்தவேணும்" என்பது மற்றது. இரண்டில் எதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போனாலும் எதுவும் மாறாது. பொறுப்பைச் சரிபாதியாகப் பங்குபோட்டும் பயனில்லை. ஒவ்வொரு கேட்டையும் தனித்தனியே எடுத்து, அதை எந்த இடத்தில், யார் கையால் நிறுத்தலாம் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காததால் வரும் பிழைகள் சில இங்கே.

71 வீதக் கணக்கைப் பிழையாக வாசிப்பது

"உலக மாசில் 71 வீதத்தை 100 நிறுவனங்களே செய்கின்றன" என்ற வரி முகநூலில் ஓயாமல் சுற்றுகிறது. அதன் மூலம் 2017இல் வெளியான கார்பன் மேஜர்ஸ் அறிக்கை. அது கணக்கிட்டது 1988இலிருந்து வெளியான தொழில்துறைப் பசுமைஇல்ல வாயுக்களை மட்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் அந்த 100இல் அரசுகளுக்குச் சொந்தமானவையும் அடக்கம். அந்த வாயுவில் ஏறத்தாழ 90 வீதம், எரிபொருள் விற்கப்பட்ட பின் வாகனங்களிலும் மின்நிலையங்களிலும் எரியும்போது வெளிவருவது. சட்டம் எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அந்த எண் காட்டுகிறது. எரிப்பவருக்குப் பங்கில்லை என்று அது சொல்லவேயில்லை.

மறுபக்கத்தில், தனிமனிதரின் 'கார்பன் தடம்' என்ற பேச்சை 2000களில் பெரும் விளம்பரங்களால் பரப்பியது பிபி எண்ணெய் நிறுவனம். அதற்காக அந்தக் கணக்குப் பொய்யாகிவிடாது. ஆனால் வீட்டு மின்குமிழை எண்ணிக்கொண்டிருக்கும்போது, அந்த மின்சாரம் எதை எரித்து வருகிறது என்று மின்சார சபையிடம் கேட்க மறந்துவிடக் கூடாது.

கிணற்று நீருக்கு ஒரே எதிரியைத் தேடுவது

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கித் தேங்குவதைத்தான் குடிக்கிறோம். மணலைப்போல அந்தக் கல் நீரை வடிகட்டாது. மேலே ஊற்றியது கீழே போகும், பக்கத்து வளவுக்கும் போகும்.

சுன்னாகத்து மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததை எந்த வீட்டுக்காரரும் தன் கவனத்தால் தடுத்திருக்க முடியாது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, அங்கே மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அடிப்படை உரிமை மனு. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகளும் அதில் பிரதிவாதிகள். அங்கே போய் "சனம் திருந்தவேணும்" என்று சொல்வது அநியாயம்.

நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்மத்தின் கதை அப்படியல்ல. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடும் பசளையிலிருந்தும், அடி மூடாத மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது வருகிறது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சியதை அடுத்த இறைப்பும் மாரி மழையும் கீழே கொண்டுபோகும். முழுவதையும் ஒரே தடவையில் போட்டு, உடனே வாய்க்கால் நிரம்ப இறைப்பதே மிகப்பெரிய பிழை. பிரித்துப் போடுவதும் அளவாக இறைப்பதும் தோட்டக்காரர் கையில் உண்டு. மண்ணைப் பரிசோதித்து எவ்வளவு போதும் என்று சொல்வது விவசாயத் திணைக்களத்தின் வேலை. பசளை விற்கும் நிறுவனத்துக்கும் அதில் கடமை உண்டு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்திய அரசு, அந்த ஆண்டு முடியுமுன்பே பின்வாங்கியது. ஆயத்தமில்லாமல் முழுச் சுமையையும் விவசாயி தலையில் இறக்கினால் அப்படித்தான் முடியும்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த நீரில் மாப்பால் கரைக்கவே கூடாது.

யாரைக் குற்றம் சொல்வதானாலும் முதலில் மாதிரி எடுங்கள். பலர் பிழைவிடுவதும் இங்கேதான். நைத்திரேற்றுக்கு 1 லீற்றர் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தடவை அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எண்ணெய்க்கு வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் வேண்டும், அதைக் கிணற்று நீரால் அலசக் கூடாது. அலசும்போதே எண்ணெய் சுவரில் ஒட்டி, பிறகு அளவைக் கூட்டிக் காட்டும். பிளாஸ்ரிக்கில் எடுத்தால் எண்ணெய் அதிலேயே ஒட்டிக்கொண்டு குறைத்துக் காட்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடமே தரும் போத்தலைத் தவிர வேறெதுவும் சரிவராது. திகதி, நேரம், கடைசியாக மோட்டர் போட்டது எப்போது, மழை பெய்ததா என்பதைப் போத்தலிலேயே எழுதுங்கள். கோடைக் கடைசியில் ஒன்றும் மாரிக்குப் பின் ஒன்றும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

'நிறுவனம்' கொழும்பில் மட்டும் இருக்கிறதென்று நினைப்பது

கல்யாண மண்டபம், கோயில் பரிபாலன சபை, கோழி இறைச்சிக் கடை, வாகனச் சேர்விஸ் நிலையம், பிரதேச சபை எல்லாமே நிறுவனங்கள்தான். இவற்றில் ஒன்று எடுக்கும் ஒரு தீர்மானம் ஆயிரம் பேரின் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றும். நல்லூர்த் திருவிழா 25 நாள். தண்ணீர்ப் பந்தல் போடுபவர்கள் எவர்சில்வர் பேணிகளும், சவர்க்கார நீருக்கு ஒன்று, அலசுவதற்கு இரண்டு என மூன்று வாளிகளும், கழுவ இரண்டு பேரும் ஒழுங்கு செய்தால் பிளாஸ்ரிக் கோப்பையே தேவையில்லை. 2023 ஒக்ரோபரிலிருந்து அந்தக் கோப்பைகளுக்குத் தடையும் உண்டு. பக்தர் ஒவ்வொருவரையும் தன் போத்தலைக் கொண்டுவரச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சோற்றைப் பையில் கட்டி எறிவது

மாடு நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும் பிராணி. சோறு மணக்கும் சொப்பிங் பையைப் பிரித்துப் பார்த்துத் தின்ன அதற்குத் தெரியாது. முன்வயிற்றுக்குள் போன பொலித்தீன் அசைபோட்டாலும் அரைபடாது. அடுத்த அறைக்குப் போகும் வாசல் சிறியது. அதனால் உள்ளேயே சேர்ந்து கயிறும் கம்பியுமாகத் திரளும். அசைபோடுவது குறையும், பால் வற்றும், இடப்பக்க வயிறு உப்பும், பிறகு எழும்பாது. வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கட்டாக்காலி மாட்டுக்கு அதை யார் செய்வது? மிச்சச் சோற்றை அகன்ற சட்டியில் வையுங்கள். லஞ்ச் சீற்றை, அதாவது சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளை, கழுவித் தனியாகப் போடுங்கள். இது முழுக்க எங்கள் கையில்.

ஆனால் லஞ்ச் சீற்றின் உற்பத்தியும் விற்பனையும் 2017 செப்ரெம்பர் 1இலேயே தடைசெய்யப்பட்டவை. தேத்தண்ணிக்கடைக்காரரோடு சண்டை பிடிப்பதை விட்டு, அவருக்கு வழங்கும் மொத்த வியாபாரியையும் தயாரிப்பவரையும் பற்றி முறையிட வேண்டும். "உக்கும் பை" என்று அச்சிட்டதை நம்பி விடுவதும் பிழை. உக்கும் தரச்சான்று பெற்ற பைகளுக்கும் பெரும்பாலும் 58 பாகை செல்சியஸ் அளவு சூடு தொடர்ந்து இருக்கும் தொழிற்சாலைக் கூட்டெருக் குவியல் வேண்டும். கல்லுண்டாய்க் குப்பைமேட்டிலும் மாட்டின் வயிற்றிலும் அது நடக்காது.

நாய்க்குட்டிகளைச் சந்தையடியில் விடுவதும் இதே வகைதான். பெட்டைநாய் ஆறேழு மாதத்திலேயே சினைப்படலாம். 63 நாளில் குட்டி போடும். கருத்தடையும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசியும் வளர்ப்பவர் கடமை. கோழிக்கடைக் கழிவை வீதியோரம் கொட்டவிடாமல் தடுப்பது சபையின் கடமை. அந்தத் தீன் இருக்கும்வரை ஒரு நாயைப் பிடித்தால் இன்னொன்று வரும்.

கடலில் ஆளை மாற்றிப் பிடிப்பது

கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடியில் பிடித்த மீனா இல்லையா என்று குருநகர்ச் சந்தையில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தொழில் இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அடிக்கடல் வழிக்கப்படுவதற்குப் படகு முதலாளிகளும் இலங்கை, இந்திய அரசுகளுமே பதில் சொல்ல வேண்டும். மீன் வாங்கும் அம்மாவைக் குற்றவாளியாக்காதீர்கள். ஆமை இறைச்சி நேர்மாறு: வாங்க ஆளில்லையென்றால் அந்த வியாபாரமே இல்லை. ஆமை பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

வலையில் தவறுதலாகப் பட்ட ஆமை அசையாமல் கிடந்தால் செத்ததென்று கடலில் எறிய வேண்டாம். வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தை 15 சென்ரிமீற்றராவது உயர்த்தி, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு, மூக்குத் துவாரங்களை மூடாமல் விடுங்கள். நுரையீரலில் உள்ள நீர் வடிந்து எழும்ப 4 மணித்தியாலமும் ஆகலாம், 24ம் ஆகலாம். அசைந்த பிறகு, இயந்திரத்தை நிறுத்தி, வலை இல்லாத பக்கத்தால் மெல்ல இறக்குங்கள்.

ஆதாரமில்லாமல் முறையிடுவது

"எல்லா இடமும் நாறுது" என்ற கடிதம் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஒரு கடிதத்தில் ஓரிடம், ஒரு பிரச்சினை, திகதியிட்ட படம், ஆய்வுகூட அறிக்கை. தொழில் நிலையமானால் அதன் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் இலக்கம், முடிவுத் திகதி, நிபந்தனைகள், கடைசிப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். தனியார் நிறுவனம் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிமம் கொடுத்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ உள்ளூராட்சி சபையிடமோ கேட்கலாம். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பரிசோதனை அறிக்கைகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். மேன்முறையீட்டில் முதலில் கேட்பது அந்தத் திகதிகளைத்தான்.