மட் பம்பின் தட்டல் சத்தம்: கோளாறு உறிஞ்சும் குழாயில் இருந்தது

துளையிடும் குழாய்க்குள் சேற்றுத் திரவத்தைச் செலுத்தும் எங்கள் 3 பிஸ்டன் மட் பம்ப், ஸ்ட்ரோக் வேகத்தைக் கூட்டியதும் திரவத்தை அழுத்தித் தள்ளும் ஃப்ளூயிட் எண்ட் பகுதியில் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டத் தொடங்கியது. பம்பிலிருந்து திரவம் மேலேறும் ஸ்டாண்ட்பைப் குழாயின் அழுத்தமானி முள் நிலைகொள்ளாமல் துடித்தது, கிணற்றின் அடியிலுள்ள அளவீட்டுக் கருவி திரவத்தின் வழியே அனுப்பும் அழுத்தத் துடிப்புகளையும் பிரித்தறிய முடியவில்லை.

வால்வுகளையும் அவற்றின் இருக்கைகளையும் மாற்றினோம், பயனில்லை. பிஸ்டன் ரப்பரும் சிலிண்டரின் உள்ளுறையான லைனரும் நன்றாகவே இருந்தன. அழுத்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் பல்சேஷன் டேம்பனரின் நைட்ரஜன் அழுத்தம், பம்பின் வெளியேற்று அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் சரியாக இருந்தது. இவற்றிலேயே நாட்கள் வீணாயின.

பம்ப் நின்றிருந்தபோதுதான், சேற்றுத் தொட்டிக்கும், மட் பம்புக்குத் திரவம் ஊட்டும் சார்ஜ் பம்புக்கும் இடையிலுள்ள பட்டர்ஃபிளை வால்வின் தண்டோரம் மெல்லிய ஈரம் கசிவதைக் கவனித்தேன். ஓடத் தொடங்கியதும் அது நின்றுவிட்டது. வெளிப்பார்வைக்குக் கசிவு அடைபட்டதாகத் தோன்றினாலும், நிற்கும்போது தொட்டித் திரவத்தின் எடை வெளியே தள்ளும் அதே இடைவெளி, ஓடும்போது அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவதால் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று கலந்த திரவம் சிலிண்டரை முழுமையாக நிரப்பாததால், பிஸ்டன் திரும்பும்போது அந்த அடி விழுகிறது.

உறுதிசெய்ய, பம்ப் ஓடும்போதே தண்டைச் சுற்றி கிரீஸைக் கெட்டியாக அப்பினேன். கிரீஸ் உள்ளிழுக்கப்பட்டுக் குழி விழ, தட்டல் சற்றுநேரம் தணிந்தது. பம்பை நிறுத்தித் தண்டின் கசிவு தடுக்கும் பேக்கிங்கைப் புதிதாக மாற்றிய பின், முழு வேகத்திலும் முள் அசையாமல் நிற்கிறது. கருவியின் துடிப்புகளும் தெளிவாகக் கிடைக்கின்றன.