உலக நகரங்களைக் காரணத்தோடு படிப்பது எப்படி?

‘இரு கண்டங்களில் அமைந்த நகரம் எது? இஸ்தான்புல்.’ பொது அறிவுப் புத்தகங்களில் இப்படி நூறு வரிகள் இருக்கும். வெறுமனே மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மறக்காது. இஸ்தான்புல்லையே எடுத்துச் செய்து பார்ப்போம். ஓர் அட்லஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

துருக்கி வரைபடத்தில் கருங்கடல் மீது விரலை வைத்து, அங்கிருந்து மத்தியதரைக் கடலுக்கு வழி தேடுங்கள். கடல்வழி ஒன்றுதான்: பொஸ்போரஸ் நீரிணை, மர்மரா கடல், டார்டனெல்ஸ் நீரிணை, ஏஜியன் கடல். பொஸ்போரஸின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். மேற்குக் கரை ஐரோப்பா, கிழக்குக் கரை ஆசியா. இந்த வாசலைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் வணிகமும் இருக்கும். இதை நோட்டில் கையால் வரையுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: பெயர்களை ஆண்டுகளோடு எழுதுங்கள்

கிரேக்கர் காலத்தில் பைசாந்தியம் எனப்பட்ட இஸ்தான்புல், கி.பி. 330இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் புதிய தலைநகரமாகி, கான்ஸ்டான்டிநோபிள் ஆனது. 1453இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அதைக் கைப்பற்றினார். ‘எப்படி?’ என்று கேளுங்கள். பொற்கொம்பு என்னும் கடற்கழியின் வாயைப் பாதுகாவலர்கள் பெரிய சங்கிலியால் அடைத்திருந்தார்கள். மெஹ்மத் தன் கப்பல்களைக் கரையேற்றி, மரக்கட்டைகள் மீது மேட்டைத் தாண்டி இழுக்கவைத்து, சங்கிலிக்கு உள்ளே இறக்கினார். இதைப் படித்தவருக்கு 1453 மறக்குமா?

படி 3: ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டது. 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மீண்டும் மசூதி. ஆட்சி மாறியதெல்லாம் இந்த ஒரே கூரையின் கீழ் தெரிகிறது.

படி 4: தலைநகரைச் சரிபாருங்கள்

புகழ்பெற்ற நகரமே தலைநகரம் என்று நினைத்துவிட வேண்டாம். துருக்கிக்கு 1923 முதல் அங்காராதான். ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் போட்டியிட்டதால், இரண்டுக்கும் இடைப்பட்ட கான்பரா 1908இல் தேர்வானது.

படி 5: அடுத்த நகரத்துக்குப் போங்கள்

வாரம் ஒரு நகரம் போதும். சிங்கப்பூருக்கும் வெனிஸுக்கும் இதே முறை பொருந்தும். பொலிவியாவின் லா பாஸுக்கு மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு உயரத்திலிருந்து தொடங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்நகரம். அதற்கும் மேலே மேட்டுநிலத்தில் எல் ஆல்டோ என்ற நகரம். இரண்டுக்கும் இடையே 2014 முதல் மக்கள் அன்றாடம் வேலைக்குப் போக கேபிள் கார் ஓடுவது ஏன் என்பதை நீங்களே வரைந்து கண்டுபிடியுங்கள்.