சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்காமல் அடைப்பு எடுப்பது எப்படி?

உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும், இயந்திரம் வாங்கிய ஊர்களிலேயே ஆள் இறங்குகிறார். வண்டி சந்துக்குள் நுழையாது, ஹோஸ் மாட்டிக்கொள்ளும், பாதியில் தண்ணீர் தீரும். உடனே மேலே நிற்பவர் "ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடு" என்பார். அந்தப் பேச்சுக்கே இடம் வராதபடி வேலையை அமைக்க வேண்டும்.

எந்த அடைப்புக்கு எந்த இயந்திரம்

குழாய் வேறு, மேன்ஹோல் (குழாய்கள் இணையும் மூடி போட்ட குழி) வேறு. பலரும் இதைக் கலந்துவிடுகிறார்கள். குழாய்க்குள் சேர்ந்த துணி, நாப்கின், எண்ணெய்க் கசடு ஆகியவற்றுக்கு, உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் ஜெட் ராடிங் வண்டி. மேன்ஹோலின் அடியில் படிந்த மண், கல், செங்கல் துண்டுகளுக்கு வாளி வைத்த தூர்வாரும் இயந்திரம் அல்லது ரோபோ. திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் 2018-இல் களத்துக்குக் கொண்டுவந்த பேண்டிகூட் என்ற ரோபோ, கேமராவும் கையும் உள்ள அலகைக் குழிக்குள் இறக்கிக் கழிவை வாளியில் அள்ளும். இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே உள்ள குழாயைச் சுத்தம் செய்வது அதன் வேலை அல்ல. ரோபோ ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு ஜெட் வண்டி இல்லாமல் இருந்தால், குழாய் அடைக்கும் நாளில் மறுபடியும் ஆளைத்தான் தேடுவார்கள்.

குழாயே இடிந்திருந்தால் எந்த இயந்திரமும் உதவாது. கேமரா விட்டுப் பார்த்து, சாலையைத் தோண்ட வேண்டியதுதான்.

பெரிய லாரி போகாத தெருக்களை முதலிலேயே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அங்கே சிறிய வண்டியில் பொருத்திய ஜெட் வேண்டும். இல்லையென்றால் முக்குச் சாலையில் லாரியை நிறுத்தி ஹோஸை இழுக்க வேண்டும். டெல்லி நீர் வாரியம் 2019-இல் சிறிய இயந்திரங்கள் 200-ஐ இறக்கியதும் குறுகிய சந்துகளை மனதில் வைத்துத்தான்.

ஜெட் அடிக்கும் முறை

வரிசையாக மூடிகளைத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசி மேன்ஹோலுக்கும், வற்றிக் கிடக்கும் முதல் மேன்ஹோலுக்கும் இடையில்தான் அடைப்பு. வற்றிய பக்கத்திலிருந்து, ஓட்டத்துக்கு எதிராக நாசிலை (ஹோஸின் முனையில் உள்ள, நீர் பீய்ச்சும் துளைத்தலை) விட வேண்டும். நாசிலின் பின்பக்கத் துளைகளில் பீறிடும் நீர் அதை முன்னே தள்ளும். திரும்ப இழுக்கும்போது கசடை நம் பக்கம் அரித்துக் கொண்டுவரும். வந்ததை உடனே கழிவை உறிஞ்சும் சக்கர் வண்டியால் எடுக்காவிட்டால், அது அடுத்த குழாயில் போய் அடைக்கும்.

நாசிலும் அதன் பின்னே உள்ள விறைப்பான குழாயும் சேர்ந்து, சாக்கடைக் குழாயின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் உள்ளேயே திரும்பி, மேலே நிற்பவர் முகத்துக்கே பாய்ந்து வரும். நாசில் வாயருகே வருவது தெரிய, ஹோஸின் முனையிலிருந்து மூன்று மீட்டரில் அழுத்தமான நிறத்தில் அடையாளம் கட்டுங்கள். அடையாளம் தெரிந்ததும் பம்பை நிறுத்திவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கி ஏற்றுங்கள். பழைய செங்கல் கால்வாயில் அழுத்தம் 100 பார் என்ற அளவுக்கு மேல் போனால் பூச்சும் கல்லும் பெயரும்.

ஹோஸ் சிக்குவதற்கு முக்கியக் காரணம் அவசரம். மண் நிறைந்த குழாயில் ஒரே மூச்சில் முப்பது மீட்டர் விட்டால், நாசில் கிளறிய மண் பின்னாலேயே படிந்து ஹோஸைப் புதைத்துவிடும். ஐந்தாறு மீட்டர் போனதும் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்கள். இன்னொரு காரணம் தண்ணீர். நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் பம்பு, 3,000 லிட்டர் தொட்டியை 20 நிமிடத்தில் காலி செய்யும். ஹோஸ் உள்ளே இருக்கும்போது நீர் நின்றால் மிதந்த மண் அப்படியே இறுகும். இரண்டாவது டேங்கர் அருகில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. வடிகட்டாத நீரை ஊற்றினால் மணல் பம்பில் நீர் கசியாமல் தடுக்கும் வளையத்தைத் தின்றுவிடும், ஆகவே வடிகட்டியைத் தினமும் கழுவுங்கள்.

சிக்கிவிட்டால்? அழுத்தத்தைக் குறைத்து, நீரை முழுதாக நிறுத்தாமல், விட்டு விட்டு இழுங்கள். அசையவில்லை என்றால் மேல்பக்க மேன்ஹோலிலிருந்து இன்னொரு ஜெட் விடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஹோஸை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சாலையைத் தோண்டி எடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும். இந்த இழப்பு யார் கணக்கில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அதை மீட்கத் தொழிலாளியைத்தான் இறக்குவார்கள்.

மேலே நிற்பவருக்கும் ஆபத்து

இயந்திரம் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு குபீரென மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பக்கூடாது; 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போகும். மேன்ஹோலோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள மூடிகளையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். நான்கு வாயு அளக்கும் கருவியின் உறிஞ்சு குழாயை மேல், நடு, நீர்மட்டம் என மூன்று ஆழத்தில் விட்டுப் பாருங்கள். ஜெட் அடிக்கத் தொடங்கிய பின்னும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தாண்டினாலோ விலகி நிற்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் மீத்தேனில் வெடிக்கும். எல்லோரும் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். குழிக்குள் தலையை நீட்டிப் பார்ப்பதும் இறங்குவதற்குச் சமம்.

இதுவரை இறங்கியவர்களின் வேலை

இயந்திரம் வருவதற்கு முன்பே அவர்கள் பெயர்களை இயந்திரத்தை இயக்குவோர் பட்டியலில் எழுதுங்கள். நீரின் போக்கையும் எந்தக் குழி எங்கே இணைகிறது என்பதையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் கனரக வாகன உரிமம் கேட்டு விளம்பரம் செய்தால், அந்த வேலை வெளியாள் ஒருவருக்குப் போய்விடும். ஓட்டுநர் பணியையும் பம்பு, நாசில் இயக்கும் பணியையும் பிரித்துவிடுங்கள். இரண்டாவதற்கு உரிமம் தேவையில்லை. ஓட்ட விரும்புவோருக்கும் வழி உண்டு: போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019-இல் நீக்கிவிட்டது. சென்னையில் 2023-இல் தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கே கழிவுநீர் வண்டிகளைச் சொந்தமாக்கும் திட்டம் தொடங்கியது. மற்ற நகராட்சிகளும் ஒப்பந்தம் போடும்போது இதைக் கேட்க வேண்டும்.

வீட்டு செப்டிக் டேங்க்

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரியை அழைத்து உறிஞ்சுங்கள். அதற்கு மேல் விட்டால் அடிக்கசடு கெட்டியாகும்; லாரி ஹோஸ் மேல்நீரை மட்டும் எடுக்கும், மீதியைச் சுரண்ட ஆள் கேட்பார்கள். அப்போது தொட்டிக்குள் நீர் ஊற்றி, மேலிருந்தே ஜெட்டால் கலக்கி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரு நடை கூடுதலாகும், அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆளை இறக்கத்தான் வேண்டும் என்று லாரிக்காரர் சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 14420 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.