பவர் பிஐ டெஸ்க்டாப்பில் எது எங்கே இருக்கிறது?
டேட்டாவிலிருந்து சார்ட், ரிப்போர்ட் தயாரிக்கும் இந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளைத் திறந்ததும் முதலில் இடது ஓரத்து ஐகான்களைப் பாருங்கள். சார்ட் போடுவது ரிப்போர்ட் வியூவில், டேபிள்களை இணைப்பது மாடல் வியூவில். வலது பக்கம் ஃபில்டர்ஸ், விஷுவலைசேஷன்ஸ், டேட்டா என்று பேன்கள் (pane, பக்கப் பலகைகள்) வரிசையாக நின்று பாதித் திரையை விழுங்கிவிடும், தேவையில்லாததை மடக்கிவிடுங்கள்.

டேட்டாவைச் சுத்தம் செய்ய ஹோம் ரிப்பனில் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வை அழுத்தினால் பவர் குவெரி தனி விண்டோவாகத் திறக்கும், அங்கே நீங்கள் செய்வதெல்லாம் வலப்பக்கம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும், தப்பான படியை மட்டும் தனியாக நீக்கலாம் (அடுத்த படிகள் அதைச் சார்ந்திருந்தால் எரர் காட்டும், பார்த்து நீக்குங்கள்). முடித்ததும் 'குளோஸ் அண்டு அப்ளை'.

அப்புறம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் விஷுவல்களில் (சார்ட், டேபிள் போன்றவை) அடியில் இருப்பதைப் பிடிக்க மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். வியூ ரிப்பனில் 'செலக்‌ஷன்' பேனைத் திறந்தால் எல்லாம் பெயரோடு இருக்கும், வேண்டியதைத் தட்டினால் போதும்.