சக ஆசிரியரின் நிதி விண்ணப்பம் கைக்கு வந்தால்

பக்கத்து அறைப் பேராசிரியர் ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தை நீட்டி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றதும் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள். முதலில் சுருக்கத்தை மட்டும் படியுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன செய்யப் போகிறார், ஏன் இப்போது, ஏன் இவர் என்று 3 வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா? அதுதான் நீங்கள் தர வேண்டிய முதல் கருத்து. வெளியே மதிப்பிடுகிறவர் பெரும்பாலும் அதே நுண்துறைக்காரராக இருக்க மாட்டார்; அவருக்கும் இதே இடத்தில்தான் இடறும்.

அடுத்து நான் நேரே பட்ஜெட்டுக்குப் போவேன். அதையும் ஆய்வு முறைப் பகுதியையும் அருகருகே வைத்தால் ஓட்டைகள் தானாகத் தெரியும். "ஆய்வு முறை தெளிவாக இல்லை" என்று ஓரத்தில் கிறுக்கினால் யாருக்கு என்ன பயன்? "4ஆம் பக்கத்தில் 40 பேரிடம் நேர்காணல் என்கிறீர்கள், பயணச் செலவு 25 பேருக்குத்தான் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதுங்கள். அன்று மாலையே திருத்திவிடுவார்.

நிதி தரும் அமைப்பின் மதிப்பீட்டு அளவுகோல், படிக்கும்போது உங்கள் கையருகிலேயே இருக்கட்டும். எழுத்துப் பிழையெல்லாம் கடைசியில்.

கெடுவுக்கு 2 நாள் முன்பு வந்தால், ஆய்வுக் கேள்வியையே மாற்றச் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம் (நானும் ஒருமுறை அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்). அந்நேரத்தில் சுருக்கமும் கணக்கும் சரியானாலே போதும்.

அதே நிதிக்கு நீங்களும் விண்ணப்பிக்கிறீர்களா? படிப்பதற்கு முன்பே சொல்லி விலகிவிடுங்கள்.