ஏஐ ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

மனிதர்களுக்கு எழுதும் டாக்குமென்டேஷனில் கொஞ்சம் ஓட்டை இருந்தாலும் சமாளித்துவிடலாம். படிப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், சோர்ஸ் கோடைத் திறந்து பார்ப்பார், டெஸ்ட் சர்வரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். ஏஜென்டுக்கு, அதாவது கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ மாடலுக்கு, இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. வேலைக்காக அது அழைக்கும் ஃபங்ஷன்தான் டூல். டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர் ஸ்கீமா (என்னென்ன மதிப்புகளை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்), இவ்வளவுதான் அதன் கையில். சொல்லாமல் விட்ட இடத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஊகித்ததை நம்மிடம் சொல்லவும் சொல்லாது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் டூலை அழைக்க வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்தபோதும் சரி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐ செயலிகளோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை வெளியிட்டபோதும் சரி, நிலைமை இதுதான். நாம் எழுதும் நாலு வரி விளக்கம் அப்படியே மாடல் படிக்கும் உரையோடு சேர்ந்துவிடுகிறது.

அதிகம் கண்ணில் படும் தவறு, பெயரையே விளக்கமாகத் திருப்பி எழுதுவது. 'கெட்_ஆர்டர்ஸ்' என்று ஒரு டூல். விளக்கம்: 'ஆர்டர்களைப் பெறும்.' இதை எழுதாமலே இருந்திருக்கலாம். இந்த டூல் ஒரு தடவைக்கு 20 ஆர்டர்தான் தரும் என்று வைத்துக்கொள்வோம். 'இந்த வாடிக்கையாளர் இந்த வருடம் மொத்தம் எவ்வளவுக்கு வாங்கியிருக்கிறார்?' என்று யாரோ கேட்கிறார்கள். ஏஜென்ட் டூலை அழைக்கிறது, 20 ஆர்டர் வருகிறது, கூட்டிச் சொல்லிவிடுகிறது. அவர் வாங்கியது 130 ஆர்டர். எங்கும் எரர் இல்லை, லாக் சுத்தமாக இருக்கிறது, பதில் மட்டும் தப்பு.

அதே டூலுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களைப் புதியதிலிருந்து பழையது என்ற வரிசையில், ஒரு தடவைக்கு 20 வீதம் தரும். இன்னும் இருந்தால் பதிலில் நெக்ஸ்ட்_கர்சர் (அடுத்த பகுதி எங்கே தொடங்குகிறது என்ற குறியீடு) வரும். அதைக் கொடுத்து மறுபடி அழைக்கவும். ரத்தான ஆர்டர்கள் இதில் வராது. மொத்தத் தொகை மட்டும் போதுமென்றால் ஆர்டர்_சம்மரி டூலை அழைக்கவும்.' கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு டூலை எப்போது அழைக்கக் கூடாது, அப்போது எதை அழைக்க வேண்டும் என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பாராமீட்டர். 'டேட்' என்று மட்டும் இருந்தால் 03-04-2025 என்பது மார்ச்சா ஏப்ரலா? ஐஎஸ்ஓ 8601 வடிவம், அதாவது 2025-04-03, என்று எழுதி, எந்த நேர மண்டலம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பணமென்றால் இன்னும் கவனம் தேவை. ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் ஏபிஐகள் (நம் புரோகிராம் பணம் வசூலிக்க அழைக்கும் சேவைகள்) தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும்; 50 டாலருக்கு 5000 என்று கொடுக்க வேண்டும். விளக்கத்தில் அது இல்லையென்றால் ஏஜென்ட் 50 என்றே அனுப்பும், 50 சென்ட் போகும். 'யூசர்' என்ற பெயருக்குப் பதில் 'யூசர்_ஐடி' என்று வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். குறிப்பிட்ட சில மதிப்புகள்தான் செல்லும் என்றால் அவற்றை ஸ்கீமாவில் 'enum' என்ற பட்டியலாகவே கொடுத்துவிடலாம்.

எரர் மெசேஜும் டாக்குமென்டேஷன்தான். இதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். 'இன்வேலிட் இன்புட்' என்று வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பும். 'ஸ்டேட்டஸுக்கு ஓப்பன், க்ளோஸ்ட் இரண்டு மட்டுமே செல்லும். வந்தது பெண்டிங்' என்றால் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும். டூல் வேலை செய்யும்போது வரும் பிழைகளை ரிசல்ட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்கிறது எம்சிபி. மாடல் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். நீளமான ஸ்டாக் ட்ரேஸை (பிழை கோடில் எந்த வழியாக வந்தது என்ற பட்டியலை) அங்கே கொட்டினால், மாடல் படிக்கும் உரையின் அளவான டோக்கன்தான் வீண்.

அழிக்கும், அனுப்பும், பணம் கழிக்கும் டூல்களின் விளக்கத்தில் அந்த விளைவு முதல் வரியிலேயே இருக்கட்டும். திரும்பப் பெற முடியாதென்றால் அதையும் சொல்லுங்கள். எம்சிபியில் ரீட்ஒன்லிஹின்ட், டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் என்ற குறிப்புகள் இருக்கின்றன. பெயரிலேயே இருப்பதுபோல அவை வெறும் ஹின்ட்தான். உண்மையான தடை வேண்டுமென்றால் பெர்மிஷனாகக் கோடில் போடுங்கள். 'தயவுசெய்து கவனமாகப் பயன்படுத்தவும்' என்ற வரியை நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம், இருக்கிற ஏபிஐ எண்ட்பாயிண்ட் (ஏபிஐயில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தனி முகவரி) எல்லாவற்றையும் தனித்தனி டூலாக மாற்றிக் கொடுக்கும் ஆசை. சர்ச், ஃபைண்ட், லுக்அப் என்று ஒரே வேலைக்கு மூன்று டூல் இருந்தால் மனிதரே குழம்புவார். டூல் பட்டியல் நீள நீள, வேலைக்கு வேண்டிய கான்டெக்ஸ்ட்டையும், அதாவது மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரைக்கான இடத்தையும், அது தின்றுவிடும். ஒன்றாகச் சேர்க்க முடிந்ததைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்கு நல்ல விளக்கம் எழுதுவது மேல். கமாண்ட் லைன் டூலென்றால், நடுவில் 'ஆமா, இல்லையா' (y/n) கேட்டு நிற்குமா, அதைத் தவிர்க்கக் கமாண்டோடு எந்த ஃப்ளாக்கைச் சேர்க்க வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட் டைம்அவுட் ஆகும்வரை காத்துக்கொண்டிருக்கும்.

எழுதியது சரியா என்று பார்க்க, கோடைக் காட்டாமல் புதிய செஷனில் டூல்களை மட்டும் கொடுத்து, நிஜமான வேலைகள் சிலவற்றைச் செய்யச் சொல்லுங்கள். வந்த பதிலோடு நிற்காமல் நடுவில் நடந்த அழைப்புகளையும் படியுங்கள். ஒரே டூலை ஒரு பாராமீட்டரை மட்டும் மாற்றி மாற்றி மூன்று நான்கு தடவை அழைத்திருந்தால், முதலில் திருத்த வேண்டியது அந்தப் பாராமீட்டரின் விளக்கம்.