கறுப்பு நிறம் குறையை மறைக்காது: வீட்டில் தயாரிக்கும் கடும் ஸ்டவுட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பொங்கல் சமயத்தில் தயாரித்துப் புட்டியில் அடைத்துவிட்டால் தீபாவளிக்குத் திறக்கலாம் என்ற ஆசையில்தான் நம்மில் பலர் கடும் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரில் இறங்குகிறோம். ஒன்பது மாதம், ஏறத்தாழ 10 விழுக்காடு ஆல்கஹால், தார் போன்ற கறுப்பு. ஆசை நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) காப்பி மணம் பிழைகளை மூடிவிடும், மிச்சத்தைக் காலம் சரிசெய்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. அது தவறு. முதிர்ச்சி நல்ல பீரை மேலும் நல்லதாக்கும். கெட்டுப்போனதை மீட்டுத் தராது.

என் முதல் ஸ்டவுட்டைச் சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், ஆபத்து நேரத்தில் ஒதுங்குவதற்கென்று கனத்த இரும்புக் கதவு போட்டுக் கட்டிய காப்பறைக்குள் நொதிக்க வைத்தேன். இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடம், இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். வாளியின் மேல் ஒட்டிய வெப்பமானிப் பட்டை இரண்டாம் நாளே 34 டிகிரி காட்டியது. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது என் அக்காவின் கணவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மச்சான், தொண்டை எரிகிறதே" என்றார். இன்னும் ஓராண்டு வைத்துப் பார்த்தேன். காப்பி மணம் மங்கியது, எரிச்சல் அப்படியே இருந்தது.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையை உண்ணும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. வெளியே 29 டிகிரி என்றால் வாளிக்குள் நான்கைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். ஸ்டவுட்டுக்குப் போடும் ஏல் வகை ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை விரும்புவது 18 முதல் 20 டிகிரி. அதற்கு மேலே போகப் போக, தொண்டையைச் சுடுகிற கன ஆல்கஹால்கள் பெருகும். அவை உருவாவது பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு நாள்களில்தான். ஒரு வாரம் கழித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதால் பயனில்லை. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றையும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் வாங்குவதுதான், என் கருத்தில், சிங்கப்பூரில் பீர் தயாரிப்பவர் செய்யும் முதல் செலவாக இருக்க வேண்டும். பளபளக்கும் எஃகுப் பானைகள் பிறகு வரட்டும். இடமே இல்லையென்றால் நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். அது 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக வேலை செய்யும்.

ஈஸ்ட்டைச் சேர்க்கும் முன்பே ஒரு பிழை நேர்கிறது. குளிர்நாட்டுக் குறிப்புகள், கொதித்த மால்ட் சாற்றில் செம்புச் சுருளை இறக்கிக் குழாய்நீரை ஓடவிட்டால் 20 டிகிரிக்கு வந்துவிடும் என்று சொல்லும். நம் குழாய்நீரே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சாறு அதற்குக் கீழே எப்படி இறங்கும்? பொறுமையிழந்து 33 டிகிரியில் ஈஸ்ட்டைத் தூவிவிடுகிறோம். பனிக்கட்டித் தொட்டியில் பானையை இறக்குங்கள், அல்லது சுத்தமான வாளியில் இறுக மூடி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் ஈஸ்ட் சேருங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நம் குழாய்நீரில் குளோரமின் இருப்பது தெரியும். குளோரின் கொதியில் எளிதாகப் போய்விடும், குளோரமின் அப்படிப் போகாது. பீருக்குள் போனால் புண்ணுக்குக் கட்டும் துணியின் மருந்து வாடை வரும், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அந்த வாடை மேலே மிதக்கும். அதை நீக்க 20 லிட்டர் தண்ணீருக்கு அரை கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) போதும்.

கடும் பீருக்கு ஈஸ்ட்டைக் குறைவாகப் போடுவதும் வழக்கமான தவறு. சர்க்கரையால் ஏறும் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.100 காட்டும் 20 லிட்டர் சாற்றுக்கு 11.5 கிராம் பொட்டலம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஈஸ்ட் சேர்க்கும் நேரத்தில் சாற்றை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். நொதித்தல் தொடங்கிய பிறகு காற்றுதான் பகை. வாளியில் இடம் விடவும் மறக்காதீர்கள். இங்கே ஒரே இரவில் தோசை மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

யீஷூன் வட்டாரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், குமிழி நின்றுவிட்டதே என்று ஸ்டவுட்டைப் புட்டியில் அடைத்தார். மூன்று வாரத்தில் அலமாரிக்குள் இரண்டு புட்டிகள் வெடித்தன. அவர் அளந்திருந்தால் 1.042 காட்டியிருக்கும், நொதித்தல் பாதியில் களைத்து நின்றிருந்தது, மிச்சச் சர்க்கரை புட்டிக்குள் நொதித்து வாயுவானது. 1.100-இல் தொடங்கியது 1.025-ஐ ஒட்டி இறங்க வேண்டும். அளவு பல நாள் மாறாமல் இருப்பது மட்டும் போதாது, எதிர்பார்த்த இடத்துக்கு வந்திருக்கவும் வேண்டும். வெடித்த புட்டியின் கண்ணாடிச் சில் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் துளியும் அவசரம் வேண்டாம். புட்டிக்குள் வாயு ஏற, அடைக்கும்போது 20 லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் சர்க்கரை போதும்.

தேக்கா சந்தையில் கிடைக்கும் கருப்பட்டி ஸ்டவுட்டுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் நொதித்துவிடும் என்பதை மறந்து கிலோக் கணக்கில் போட்டால் பீரின் கனம் மெலிந்து, ஆல்கஹால் மட்டும் துருத்தி நிற்கும். மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முதல் வேகம் அடங்கிய பிறகு, கொதிக்கவைத்து ஆற்றிச் சேருங்கள்.

இனி முதிர வைத்தல். பிளாஸ்டிக் வாளியில் மாதக்கணக்கில் விடாதீர்கள். அதன் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்ல நுழையும், நம் வெப்பத்தில் ஏர்லாக்கின் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாயின்) தண்ணீரும் வற்றிவிடும். அடியில் படிந்த ஈஸ்ட்டும் சூட்டில் உடைந்து சோயா சாஸ் சுவையைத் தரும். புட்டிகளை நிமிர்த்தி, இருட்டில் வையுங்கள்.

பழைய குறிப்புகளில் "நிலவறையில் ஓராண்டு" என்று வரும் இடத்தில் 12 முதல் 14 டிகிரி என்று படித்துக்கொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. குளிர்ந்த அறையில் உலர்திராட்சையும் பேரீச்சையும் மணக்கத் தொடங்குகிற பீர், 30 டிகிரி அறையில் சில மாதங்களிலேயே ஈர அட்டைப்பெட்டியாக மாறும். மூன்று வாரம் அறைச் சூட்டில் வைத்து வாயு ஏறியதும் புட்டிகளைக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். சட்டம் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதிக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. அந்த 30 லிட்டரையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. குளிர்பதனப் பெட்டியில் 12 புட்டிக்குத்தான் இடமென்றால் 12 புட்டிக்கே தயாரியுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் 6 விழுக்காட்டு ஸ்டவுட் ஒன்றைப் புரட்டாசியில் தயாரித்து, இந்தத் தீபாவளிக்கே குடித்து முடித்துவிடுங்கள்.